ஜெர்சியில் இல்லாத ரத்தம்

போன வருடம் மழைக்காலம் தொடங்குகிற நேரம். எண்ணூர் துறைமுக ரோட்டில் கன்டெய்னர் வண்டிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றிருந்தன. அதில் என்னுடையதும் ஒன்று. முன்விளக்கில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கலாம் என்று இறங்கினேன். முன்னால் நின்ற டிரெய்லர் பின்னால் உருண்டு வந்ததைக் கவனிக்கவில்லை. இடது தொடை இரண்டு வண்டிக்கும் நடுவில் மாட்டி நசுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், ரத்தம் நிறையப் போய்விட்டது, ஏற்றினால்தான் ஆபரேஷன் செய்ய முடியும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அசரவில்லை. ரத்தத்துக்கா நமக்குப் பஞ்சம்? விம்கோ நகரில் எங்கள் கேரம் கிளப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜெர்சி முதுகில் பெயருக்குக் கீழே ரத்த வகையை அச்சடித்துவிடுவோம். ஏரியாவில் யாருக்கு ரத்தம் தேவையென்றாலும் முதுகைப் பார்த்து ஆளை இழுத்துக்கொண்டு போவார்கள். என் முதுகில் ஓ பாசிடிவ். லைசென்ஸ் எடுத்த காலத்தில் விரலில் குத்திப் பார்த்துச் சொன்னது.

செய்தி போன வேகத்தில் ஓ பாசிடிவ் பையன்கள் அத்தனை பேரும் ஜெர்சியோடு வந்து நின்றார்கள். யார் முதலில் கொடுப்பது என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான். ஒருத்தன் ரத்தமும் என்னோடு ஒத்துப்போகவில்லை. கலந்து பார்த்தால் பால் திரிகிற மாதிரி திரிந்துவிட்டதாம். ரத்த வங்கி டாக்டரம்மா வந்து பொறுமையாக விளக்கினார். ரத்த அணுக்களின் மேல் சர்க்கரை மாதிரி ஒன்று ஒட்டியிருக்குமாம். ஏ, பி எல்லாம் அதன் மேல் இன்னும் ஒன்று கூடினால் வருவது. ஓ காரர்களுக்கு அடிப்படைச் சர்க்கரை மட்டும். எனக்கு அந்த அடிப்படையே கிடையாது. ஏ, பி இரண்டும் இல்லாததால் விரலில் குத்திப் பார்த்தபோது ஓ என்று காட்டிவிட்டதாம். அதனால் ஓ ரத்தத்தைக்கூட என் உடம்பு எதிரியாகத்தான் பார்க்கும். இதற்குப் பாம்பே ரத்தம் என்று பெயர்.

"பாம்பேவா? இவன் கும்மிடிப்பூண்டி தாண்டுனா வூட்டு நெனப்பு வந்து திரும்பிடுவான் மேடம்" என்றான் என் தோஸ்து.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். சொந்தத்துக்குள் கட்டுகிற குடும்பங்களில் இது கொஞ்சம் அதிகம் வருமாம். என் அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனைத்தான். பல கிருமிகள் உடம்புக்குள் நுழைவதே இந்த மாதிரிச் சர்க்கரைகளைப் பிடித்துக்கொண்டுதானாம். மனுஷ இனத்தில் ஆளுக்கொரு விதமாக இது அமைந்ததால்தான், ஒரே நோய் வந்து எல்லாரையும் ஒட்டுமொத்தமாக வாரிக்கொண்டு போகாமல் விட்டது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இந்த ரத்தம் கூடப்பிறந்தவர்களுக்கு இருக்கத்தான் வாய்ப்பு அதிகமாம், ஆனால் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. நண்பர்கள் வராந்தா நிறைய நிற்க, ஒருத்தனாலும் என்னைக் காப்பாற்ற முடியவில்லை. முதல்முறையாக எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

டாக்டரம்மா போன் மேல் போன் போட்டார். சாயங்காலம் புளியந்தோப்பிலிருந்து ஒரு பெண் வந்தார். பனியன் கம்பெனியில் வேலை, பாதி ஷிஃப்டில் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கும் என் ரத்தம்தான். பரிசோதித்தார்கள், ஒத்துப்போனது. அன்றே ஆபரேஷன் நடந்தது. காலும் தப்பியது, நானும் தப்பினேன்.

மறுநாள் அவர் என்னைப் பார்க்க வந்தபோது, இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தன் இரண்டாவது பிரசவத்தில் இந்த ரத்தம் கிடைக்காமல் செத்துப் பிழைத்த கதையைச் சொன்னார். பிறகு சாதாரணமாக, "ஒண்ணும் வாணாம்ணா. நாளிக்கி எனக்கு ஒண்ணுன்னா நீ கீறன்னு நெனச்சிப்பேன். அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறேன். குடியை விட்டாச்சு, வேகத்தையும் குறைத்தாச்சு. கிளப்பில் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். புளியந்தோப்பில் ஒருத்தர் என்னை நம்பித் தைரியமாக இருக்கிறார். இந்த உடம்பை அவருக்காகவும் நான் நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.