ஃபோட்டோவுக்குப் பாவமா தெரியணுமாம்

இன்னைக்குத் திருத்துறைப்பூண்டியில ஒரு மண்டபத்துல, பெத்தவங்க இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் ஸ்கூல் பேக் குடுக்குற விழா.

என் வகுப்புப் பொண்ணு ஒருத்தியையும் அவளை வளர்க்கிற சித்தியையும் நான்தான் அழைச்சுட்டுப் போனேன். சித்தி மீன் விக்கிறவங்க. பிள்ளைக்குத் தீபாவளி கவுனைப் போட்டு, ரெட்டைச் சடை பின்னி, பூவும் வச்சிருந்தாங்க.

சங்கத் தலைவர் எங்களை மேடைக்குக் கீழேயே நிறுத்திட்டார்.

"பழைய துணி இல்லையாம்மா? ஃபோட்டோவுல பிள்ளை பாவமா தெரியணும்ல?"

"அப்படித் தெரியக் கூடாதுன்னுதாங்க, எங்க அக்கா போனதுலேர்ந்து இவளை வளர்க்கிறேன்."

பேக் வாங்காமலே பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வெளியே போயிட்டாங்க.

"திமிரைப் பார்த்தீங்களா டீச்சர்?"னு தலைவர் கேட்டார்.

"பார்த்துட்டுதாங்க இருக்கேன்"னு அவர் மூஞ்சியைப் பார்த்தே சொன்னேன். அதுக்கும் சிரிக்கிறார் மனுஷன்!

கேமராமேன் இல்லாம உதவி செய்யுற சங்கம் நம்ம பக்கம் ஏதாவது இருந்தா சொல்லுங்கப்பா.