பதினோரு மாத விரதம்

ஆம்பளைகள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேசாத பேச்சில்லை. ஆனால் தன் உடம்பு தன் பேச்சைக் கேட்காமல் போன கதையை மட்டும் ஒருத்தனும் வாய் திறந்து சொல்ல மாட்டான். நானும் சொல்லவில்லை. இப்போது வயசாகிவிட்டது, வெட்கமும் பாதி தேய்ந்துபோச்சு. அதனால் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு முப்பத்தெட்டு வயசு. சேர்வராயன் மலையில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. எந்தக் காட்டில் எத்தனை ஆள், என்ன வேலை நடக்கிறது என்று சுற்றிப் பார்த்து எழுதுகிறவன்தான் ரைட்டர். எங்கள் தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து காப்பிச் செடிக்குக் குழி வெட்ட வந்த குடும்பம் எங்களுடையது. அதில் பேனா பிடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

அதற்கு முன்னால் பத்து வருஷம், கூலியாட்களை வேலை வாங்குகிற மேஸ்திரியாக இருந்தேன். மேஸ்திரி நடப்பான். விடிகாலையில் கிளம்பினால் மேட்டுக்காடு, பள்ளக்காடு எல்லாம் ஏறி இறங்கி மத்தியானம்தான் உட்காருவான். ரைட்டர் ஆன மறுமாசமே பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். ரைட்டர் நடந்தால் ஆளுங்க மதிக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடைக்குத் தீப்பெட்டி வாங்கக்கூட வண்டியைத்தான் உதைப்பேன். வீட்டில் களி கிண்டக் கூடாது என்று உத்தரவு. களியும் சாமைச் சோறும் கூலிக்காரன் சாப்பாடு, நமக்கு மூணு வேளையும் வெள்ளைச் சோறு. போகிற காட்டில் எல்லாம் ரைட்டருக்கென்று தனி டீ, சர்க்கரை தூக்கலாக. கூடவே பஜ்ஜி. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டில். ரெண்டே வருஷத்தில் சட்டைப் பித்தான் வயிற்றில் நிற்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "மினுமினுன்னு ஆயிட்டீங்க" என்று சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஐப்பசியில்தான் உடம்பு என்னைக் கைவிட்டது. முதல் தடவை அசதி என்று நினைத்தேன். ரெண்டாம் தடவை பிராந்தி மேல் பழியைப் போட்டேன். நாலாவது தடவை பழி போட ஒன்றும் மிச்சமில்லை. மனைவி பக்கத்தில் வந்து படுத்தாலே நெஞ்சு படபடக்கும், கை காலெல்லாம் வேர்க்கும். ஆசை இல்லாமல் இல்லை. ஆசை தலையில் இருந்தது, கீழே ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கொடுமையாக இருந்தது.

சேலத்தில் லாட்ஜில் ரூம் போட்டு நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து தருகிற ஒரு வைத்தியரிடம் போய் ஒரு டப்பா லேகியம் வாங்கி வந்தேன். வயிறு போனதுதான் மிச்சம்.

கார்த்திகை பிறந்தது. எங்கள் ஊரில் பாதி ஆம்பளைகள் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். எனக்குப் பளிச்சென்று ஒரு வழி தெரிந்தது. மாலை போட்டுவிட்டால் மண்டலம் முழுக்கப் பெண்டாட்டியைத் தொடக் கூடாது. தொட முடியாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதுவரை கோயில் வாசலில் வண்டியை நிறுத்தாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறவன் நான். போட்டேன் மாலையை. "சாமி, சாப்பிட வாங்க" என்று அவள் கூப்பிட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அப்பாடா, ரெண்டு மாசத்துக்குத் தப்பித்தோம்.

விரதத்தையாவது ஒழுங்காக இருந்தேனா? செருப்பில்லாமல் நடக்க வேண்டுமென்றால், நான் செருப்பில்லாமல் வண்டி ஓட்டினேன். பூஜை முடிந்ததும் சுண்டலும் வடையும் சர்க்கரைப் பொங்கலும். காப்பிச் செடிக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிகரெட். மலைக்குப் போய் வந்தபோது எடை கூடித்தான் இருந்தது.

மாலையைக் கழற்றிய கையோடு பழநிக்கு மாலை போட்டேன். அது முடிந்ததும் நாள்காட்டியைப் புரட்டினேன். சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், அமாவாசை. நம்ம சாமிகளுக்கு ஒரு குறையும் இல்லை, மாசத்தில் முக்கால்வாசி நாள் எவருக்காவது விரதம் இருக்கிறது. மிச்ச நாளுக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிக் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு காலை, சோற்றை வைத்துவிட்டு அவள் நின்றாள்.

"ஏனுங்க, சேலத்துல ஆராச்சும் இருக்காங்களா?"

"என்ன பேச்சு இது?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மாட்டிக்கொண்டவனுக்குக் கோபம்தானே கைகொடுக்கும்.

"இருந்தாச் சொல்லீருங்க. புள்ளைகளக் கூட்டிட்டு எங்கம்மா ஊட்டுக்குப் போயிர்றன். இப்படிப் பக்கத்துல இருந்துக்கிட்டே இல்லாம இருக்கறது என்னால முடியலீங்க." அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் போனால் போனதுதான், மிரட்டுகிற ஜாதி இல்லை.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா. கூட்டத்துக்காக வண்டிகளை வெகு கீழேயே நிறுத்திவிட்டார்கள். ஏறித்தான் ஆக வேண்டும். மேஸ்திரியாக இருந்தபோது மூட்டையோடு ஓடி ஏறின மேடு அது. பாதியில் எனக்கு மூச்சு முட்டியது, கெண்டைக்கால் கடுகடுத்தது, பாறையில் உட்கார்ந்துவிட்டேன். கரடியூரிலிருந்து தேங்காய் பழத்தோடு வந்த ஒரு கிழவி, "தண்ணி குடிக்கறயா சாமி?" என்று சொம்பை நீட்டிவிட்டு நிற்காமல் ஏறிப் போனாள். கூட ஏறி வந்த மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. மறுநாளே அவள் நச்சரிப்பில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் வலிக்கு என்றுதான் சொல்லிப் போனேன். உள்ளே வேறு ஒரு எண்ணமும் இருந்தது.

சீட்டு வாங்கி உள்ளே போனால், என்னைவிடப் பத்து வயசு சின்ன ஒரு டாக்டரம்மா. அய்யோடா என்று ஆகிவிட்டது. கால் வலி, மூச்சு வாங்குது என்றேன். பட்டை கட்டிப் பார்த்து, "பிரஷர் அதிகமா இருக்கே. வேற என்ன பண்ணுது?" என்றார். அசதிதான் என்றேன். "வேற ஏதாவது?" என்று மறுபடியும் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதுவதுதான். ஒரு தாள் கேட்டு வாங்கினேன். எஸ்டேட் மேனேஜருக்கு எழுதுகிற பழக்கத்தில் "மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, கீழ்க்கண்ட விவரத்தைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று தொடங்கி, ஐப்பசியிலிருந்து நடந்ததை எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் படித்தார். சிரித்திருந்தால் நான் அந்த மலைக்குத் திரும்பியே போயிருக்க மாட்டேன்.

"இதை எழுதினது நல்லதாப் போச்சுங்க," என்றார். "இதயத்துக்கு எந்த ரத்தம் போகுதோ அதேதான் அங்கேயும் போகணும். அங்க குழாய் சின்னது, அதனால கோளாறு முதல்ல அங்க தெரியுது. உடம்பு உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கு." என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு நடக்கிறேன் என்று கேட்டார். நடப்பதே இல்லை என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மலையில இருந்துக்கிட்டா?"

சர்க்கரைக்குச் சோதித்தார்கள். இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார். பிரஷருக்கு ஒரு மாத்திரை எழுதினார். சிகரெட்டை விடணும், பாட்டிலை விடணும், டீயில் சர்க்கரை கூடாது, ராகி, சாமை, கீரை, பயறு, கொஞ்சம் மீன், எண்ணெய்ப் பலகாரம் விருந்துக்கு மட்டும், தினமும் வேர்க்க வேர்க்க நடை. "லேகியம் எதுவும் வேண்டாம். ஒரே வாரத்துல பாக்காதீங்க, மாசக் கணக்காகும். பாதி பயம்தான், அதுவும் போயிரும். வீட்டுல சொல்லிட்டீங்களா?" சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினேன். அங்கேயும் ஒரு பொய்.

மறுநாள் வண்டியைச் சாக்குப் போட்டு மூடினேன். நடந்தேன். முதல் வாரம் ஒவ்வொரு மேட்டிலும் நின்று இருமினேன். எஸ்டேட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. ரைட்டரை மறுபடி மேஸ்திரி ஆக்கிவிட்டார்களாம், வண்டி அடமானத்துக்குப் போய்விட்டதாம். இன்னொரு கூத்து, வண்டிச் சத்தம் கேட்டால்தான் ரைட்டர் வருகிறார் என்று களைவெட்டுக்காரர்கள் மண்வெட்டியைத் தூக்குவது வழக்கமாம், ரெண்டு வருஷமாக. எனக்கு அது தெரியாது. இப்போது சத்தமில்லாமல் போய் நின்றால் ஒரு கூட்டமே நிழலில் படுத்திருக்கிறது. ஒரு மேஸ்திரி தனியாக என்னை ஓரங்கட்டி, "ரைட்டருங்க, ஒடம்பு நோவுமுங்க, வண்டிலயே வந்துருங்க," என்று கெஞ்சினான். என் உடம்பின் மேல் அவ்வளவு அக்கறை.

வீட்டில் களி கிண்டச் சொன்னேன். அவள் கரண்டியோடு திரும்பினாள்.

"இது எந்தச் சாமிக்குங்க?"

நியாயமான கேள்விதான். தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். களியும் கீரைக் கடைசலும் தட்டில் விழுந்தபோது, பத்து வருஷம் மேடேறின ஆள் எதைத் தின்று ஏறினான் என்பது நினைவுக்கு வந்தது. சிகரெட்டை விடுவதுதான் நரகமாக இருந்தது. எரிந்து விழுந்தேன், பிள்ளைகள் கிட்டே வரவில்லை. மூன்றாம் வாரத்தில் இருமல் குறைந்தது. ஆடி முடிவதற்குள் பேன்ட்டுக்கு பெல்ட் தேவைப்பட்டது. நிற்காமல் மேட்டுக்காடு ஏறினேன். மாசாமாசம் போகிறபோது டாக்டரம்மா பிரஷரைப் பார்த்துவிட்டு "ம்" என்பார், அந்த ஒரு "ம்" போதும் எனக்கு.

ஆவணியில் ஒரு விடியற்காலை கண் விழித்தேன். வெளியே தூறல். உடம்பு என்னைக் கேட்காமலே, வாலிபத்தில் எழுப்பின மாதிரி எழுப்பியிருந்தது. அசையாமல் படுத்துக்கொண்டே கிடந்தேன், அசைந்தால் போய்விடுமோ என்று. போகவில்லை. மறுநாளும் வந்தது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்ல? மாசக்கணக்காகப் பூட்டின மார்பு திறந்து மூச்சு உள்ளே போன மாதிரி இருந்தது. எல்லாருக்கும் இது போதும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சிலருக்கு வேறு வைத்தியம் வேண்டியிருக்கும். எனக்கு இது நடந்தது.

இனிமேல் எல்லாம் சரி என்று நினைத்தேன். ஆனால் அவள் பக்கத்தில் இருந்து பார்த்தால் நான் என்னவாகத் தெரிந்திருப்பேன்? இளைத்து, பாட்டிலை விட்டு, காலையில் குளித்துத் தலைவாரி வேகுவேகென்று நடந்து போகிற ஆள். மாசம் ஒரு தடவை காரணம் சொல்லாமல் சேலத்துக்குப் பஸ். நான் சந்தோஷமாக இருக்க இருக்க அவளுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. நான் கூடத்துப் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போன அன்றைக்கு, "புரட்டாசிங்க, பெருமாளுக்கு விரதம்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். என் ஆயுதம் என்னையே குத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிப்பையோடு நின்றாள். பிள்ளைகளை முன்னமே காலாண்டு லீவுக்கு அவள் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். "நானும் போறனுங்க. வந்து கூப்பிட வேண்டாம்," என்றாள். படியிறங்கி நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். வெள்ளக்கடை பஸ் ஸ்டாப் வரை ஒரு மைல். அந்த ஒரு மைலில் சொல்லாவிட்டால் ஜென்மத்துக்கும் இல்லை.

முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது. ஐப்பசியில் ஆனது, மாலை போட்டது பக்தியில் இல்லை பயத்தில், இடுப்புப் பிடிப்பு பொய், லேகியம், டாக்டரம்மா, தாளில் எழுதிக் கொடுத்தது, களி எந்தச் சாமிக்கு என்பது, எல்லாம். சேலத்தில் யாரும் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டுதான் இருக்கிறது என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவள் நின்றாள். சீட்டை வாங்கவில்லை.

"அப்ப, ஆபரேசன் பண்ணுன ஒடம்புன்னு நீங்க என்னைய ஒதுக்குலீங்களா?"

எனக்குப் புரியவில்லை. ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாள். ஆபரேஷன் ஆன பொம்பளையிடம் சூடு இருக்காது, ஆம்பளைக்குச் சலிச்சுப்போகும் என்று கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் பேசுகிற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். கேட்டு மறந்திருக்கிறேன். அவள் மறக்கவில்லை.

"அப்படியெல்லாம் நான் நினைச்சதே இல்லை," என்றேன்.

"நெசமாலுமா?"

"நெசமா. கோளாறு என்கிட்ட. உன்கிட்ட ஒண்ணுமே இல்லை."

"டாக்டரம்மாவுக்கு எழுதிக் குடுத்தீங்க. எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதுங்களா? பதினோரு மாசமா நான் கண்ணாடி பாக்கலீங்க. பொட்டுக்கூட விரலால தடவித்தான் வெச்சேன்."

வெட்கத்தை மறைக்கிறேன் என்று அந்த வெட்கத்தை முழுசாக அவள் தலையில் இறக்கி வைத்திருக்கிறேன். நடுரோட்டில் நின்று அழுதேன், மேஸ்திரி பார்ப்பான், ஆளுங்க பார்ப்பார்கள் என்ற நினைப்பில்லாமல். பஸ் வந்து ஹாரன் அடித்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்து "வர்றீங்களா இல்லீங்களா?" என்றான். அவள் இல்லை என்று கையை ஆட்டினாள். பஸ் போனது.

பையை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பை ஒட்டி இருந்த சலூனுக்குப் போனாள். வாசல் தூணில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. உள்ளே முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பார்க்க, அதன் முன்னால் நின்று, வெகுநேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.