கட்டாத வீட்டின் மாடி சன்னல்

பேய், பில்லி, சூனியம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவள், இந்த மாதிரிக் கதையை யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவேன். நீங்களும் எழுந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படமாகச் செய்து கொடுப்பது என் வேலை. ஆலந்தலைப் பக்கம் கடலைப் பார்த்த ஒரு மனையில் மாடி வீடு கட்ட நினைத்த அண்ணாச்சி ஒருவருக்குப் படம் அனுப்பியிருந்தேன். உடனே போன் வந்துவிட்டது.

"என்னம்மா, சன்னல்ல கருப்புச் சீலையத் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. கண்ணாடின்னா எதுத்தாப்புல உள்ள கடல் தெரிய வேண்டாமா?"

அவர் சொன்னது சரிதான். கண்ணாடி நிஜமாகத் தெரிய வேண்டுமென்றால் அந்த இடத்தையே சுற்றிலும் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் வீட்டைச் சுற்றி வானம் மாதிரிக் கவிழ்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்காரர் செல்வினையும் கூட்டிக்கொண்டு போனேன். வெறும் மணல் மனை. நடுவில் நாலு பக்கமும் தானாகப் படம் பிடிக்கும் கேமராவை நட்டுவிட்டு, நாங்கள் படத்தில் விழாமல் இருக்க இரண்டு பேரும் ஓர் உடைமரப் புதருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். அவர் தோளில்தான் நான் கை ஊன்றியிருந்தேன், அதனால் இதை அடித்துச் சொல்வேன். எடுத்த படத்தில் கடல், மணல், மேகம் தவிர ஓர் ஆள் இல்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டில் முதல் படத்தை ஓடவிட்டேன். கம்ப்யூட்டர் அதைக் கட்டம் கட்டமாக வரைந்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். முடிந்ததும் பெரிதாக்கிப் பார்த்தால், மாடி சன்னல் கண்ணாடியில் கடலோரமாக ஓர் ஆள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். நீலக் கட்டம் போட்ட சட்டை.

அதே சட்டையோடு காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு செல்வின் என் பின்னால் வந்து நின்றார்.

"ஏளா, இது நான்லா?"

எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை அந்த ஆள் முழங்கால் தண்ணீரில் நின்றார். கட்டிலில் உட்கார்ந்திருந்த இவர், "கால் ரெண்டும் சில்லுன்னு இருக்குளா" என்றார். தொட்டுப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. ஈரம் மட்டும் இல்லை.

கடல் படத்தையே தூக்கிவிட்டு, சுற்றிலும் வெறும் சாம்பல் நிறம் கொடுத்து ஓட்டினேன். அப்போதே விட்டுத் தொலைத்திருக்கலாம், ஏன் ஓட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மற்ற சன்னல்கள் எல்லாம் சாம்பலாகத்தான் வந்தன. அந்த ஒன்றில் மட்டும் கடல் இருந்தது. அவர் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றார்.

"மூச்சு முட்டுது. அத நிப்பாட்டு முதல்ல."

நான் மவுசைத் தொடவே இல்லை, அடுத்த படம் தானாக ஓட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். யூபிஎஸ் கத்திக்கொண்டே ஓட்டியது. மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் அதன் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். திரை அணைவதற்கு முன்னால் அந்தச் சன்னல் இருந்த கட்டம் வரைந்து முடிந்துவிட்டது. தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. "அத்தான், அத்தான்" என்று கத்தினேனே தவிர ஒரு ஜெபம்கூட வாயில் வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் அவர் உடம்பு சூடாகிவிட்டது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அந்த ஃபைலை அழித்தேன். மறுபடி முதலிலிருந்து வரைந்து, மாடி சன்னலில் திரைச்சீலை போட்டு அண்ணாச்சிக்கு அனுப்பினேன். அந்தச் சன்னலே வேண்டாம் என்று போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "கடலப் பாக்கத்தானம்மா வீடே கெட்டுதேன்" என்றார். நான் என்ன காரணம் சொல்ல முடியும்?

வீடு எழும்பியது. பால்காய்ப்புக்கு நாங்கள் போகவில்லை. அண்ணாச்சி போட்டோ அனுப்பியிருந்தார். செல்வின்தான் போனைப் பிடுங்கி, மாடி சன்னலைப் பெரிதாக்கினார். கண்ணாடியில் வானம், கடல், அலை. அவ்வளவுதான்.

"பாத்தியா, ஒருத்தரும் இல்ல. இனியாவது நிம்மதியா இரு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவருக்குப் பழைய துறைமுகத்தில் வேலை. நாள் முழுக்கத் தோணியில் ஏறி இறங்க வேண்டும், நீச்சல் தெரியாது. வேலையை விடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? கண்ணாடியில் ஒருத்தரும் இல்லை என்றுதான் அவர் சந்தோஷப்படுகிறார். படத்தில் கடைசியாக நான் பார்த்தபோது அவர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். அங்கிருந்து கரையைப் பார்த்துத் திரும்பினாரா என்பதை நான் பார்க்கவில்லை.