முதலில் அவுட்டானவன்

வெல்டிங் புகை மூக்கில் ஏறினாலே எனக்குப் பழனிசாமியின் முகம் வந்துவிடுகிறது. கபடியில் என் கைகோத்து நின்றவன். பிறகு நாமக்கல்லில் என் லாரி பாடி பட்டறையில் வெல்டர். கபடி போலச் சேர்ந்து ஆடினால்தான் தொழில் ஜெயிக்கும் என்று ஆட்களிடம் ஓயாமல் பேசுவேன். ஆர்டர் குறைந்தபோது முதலில் அவனைத்தான் நிறுத்தினேன். நண்பன்தானே, பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். ஆர்டர் திரும்பியதும் குறைந்த கூலிக்குப் புது ஆட்களைச் சேர்த்தேன்.

ஒருநாள் வேலை கேட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே தீப்பொறி பறந்துகொண்டிருந்தது.

"வேல நல்லா ஓடுதாட்ட இருக்குதுங்க, மொதலாளி."

மாப்ள என்றே கூப்பிட்டுப் பழகியவன்.

"அடுத்த மாசம் பாக்கலான்டா."

அதற்குப் பிறகு கபடியைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. கிளம்பும்போது அவன் சொன்னது இதுதான்:

"மொத அவுட்டானவனத்தான் மொத உள்ள கூப்புடோணும், மாப்ள. வாரேன்."