மணி வராத கப்பல்

அப்பா எங்கள் வீட்டுச் சுவரில் துளை போட ஆரம்பித்தது போன மழைக்காலத்தில். ராயபுரத்தில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தது மூன்று மாடிப் பழைய கட்டடத்தில். கூடத்துச் சுவரில் ஒரு வெடிப்பு கிளம்பி ஜன்னலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதன் முனையில் அவர் டிரில்லை வைத்து அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா நைனா பண்ற?"

"வெடிப்பு ஓடிக்கினே கீதும்மா. மின்னாடி போயி ஓட்டை போட்டா நின்னுக்கும். கப்பல்ல அப்படித்தான்."

"அது இரும்பு. இது செங்கல்லு!"

"எதா இருந்தா இன்னா? வெடிப்பு வெடிப்புதான்."

இளவயதில் அவர் வேலை பார்த்த சரக்குக் கப்பல் உலகப்போருக்காக அவசர அவசரமாகக் கட்டப்பட்டது. ரிவெட் ஆணி அடித்து இணைக்க நேரமில்லாமல் தகடுகளை வெல்டிங் வைத்தே ஒட்டினார்களாம். சண்டை முடியும்வரை மிதந்தால் போதும் என்பது கட்டியவர்கள் கணக்கு. சண்டை முடிந்தது, கப்பல் முடியவில்லை. பீரங்கி சுமந்த கப்பல் கோதுமை சுமந்தது, பிறகு நிலக்கரி, உரம். முதலாளி மாறும்போதெல்லாம் பெயரும் கொடியும் மாறின. குளிர்க்கடலுக்குப் போனால் தகடு கீறும். கீறலின் முனையில் துளை போட்டு நிறுத்திவிட்டு அடுத்த துறைமுகம்வரை ஓட்டுவார்கள்.

அப்பாவுக்கு இன்ஜின் அறையில் வேலை. ஓடும் தண்டுகளுக்கு நடுவே கையை விட்டு, சூடேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து எண்ணெய் விட வேண்டும். இப்போதும் ஃபிரிட்ஜ், கிரைண்டர் எதையும் உள்ளங்கை வைத்துப் பார்க்காமல் தாண்ட மாட்டார்.

கட்டடத்தை இடிக்கப்போவதாக உரிமையாளர் சொல்லி, மற்றக் குடித்தனங்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. நான் வேலை பார்க்கும் மீஞ்சூரிலேயே ஒரு வீடு பார்த்துவைத்தேன். அப்பா அசையவில்லை. தாங்காது என்று சொன்ன கப்பலிலேயே இளமையை ஓட்டியவரிடம் சுவரைக் காட்டிப் பயமுறுத்த முடியுமா? பயம் எனக்குத்தான். ரயிலில் போகும்போதும் வரும்போதும், அவர் தனியாக இருக்கும் நேரத்தில் சுவர் சரிந்துவிடுமோ என்றே நினைத்துக்கொண்டிருப்பேன்.

வெடிப்பு துளையைத் தாண்டிப் போனது. இன்னொன்று போட்டார். அதையும் தாண்டியது. ஒருநாள் காலை அவர் டீக்கடைக்குப் போயிருந்தபோது கூரையின் காரை பெயர்ந்து அவர் கட்டில்மேல் விழுந்தது. திரும்பி வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

"சரி, போலாம்" என்றார்.

கிளம்பும் அன்று சாமான் ஏற்றிய வண்டி கீழே நின்றது. அப்பா மேலே ஒவ்வொரு கதவுக் கீலுக்கும் குவளையிலிருந்து எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இடிக்கப்போற வூட்டுக்கு இன்னாத்துக்கு எண்ணெ?"

"கரையில ஏத்தன அன்னிக்கும் வுட்டேம்மா."

அந்தக் கதை எனக்கு மனப்பாடம். உடைப்பதற்காகக் கப்பலை முழு வேகத்தில் மணலில் ஏற்றிய நாள் அது. இன்ஜினுக்கான உத்தரவெல்லாம் மேல்தளத்திலிருந்து மணியாகத்தான் வரும். வேலை முடிந்தது என்பதற்கும் ஒரு மணி உண்டு. கீழே இருப்பவர்கள் பதில் மணி அடித்துவிட்டுத்தான் இடத்தை விட்டு நகர வேண்டும். அன்றைக்கு மேலே இருந்தவர்கள் கரையை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். நின்றுபோன இன்ஜின் பக்கத்தில் எண்ணெய்க் குவளையோடு அப்பா காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் யாரோ வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். "மணி வர்லியேம்மா" என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிப்பார். இதெல்லாம் ஒரு குறையா என்று நான் சிரித்திருக்கிறேன்.

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அப்பா மறுபடி சமையலறைப் பக்கம் போய்விட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, கோபத்தில் வாசலுக்கு வந்து காலிங் பெல்லை விடாமல் அழுத்தினேன்.

உள்ளே துடைக்கும் சத்தம் நின்றது. நான் பெல்லிலிருந்து விரலை எடுத்தேன். பிறகு எண்ணெய்க் குவளையால் கதவு நிலையில் அவர் தட்டுவது கேட்டது. நிதானமாக, சீராக.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அப்பா வெளியே வந்தார்.

"முடிஞ்சிச்சும்மா" என்றார். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.