ஒரே தேங்காய்க்கு இரண்டு வேண்டுதல்

அந்துருண்டை வாசனையும் யமுனையின் நாற்றமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் என்னால் மூக்கைச் சுளித்துக் காட்ட முடியும். ஒரு வருடமாக டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த அம்மாவின் அரக்குப் பட்டுச் சேலை, நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்களோடு ஆற்றங்கரைக்கு வந்திருந்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. அதன் மேல் துணி அலசிய வாளியில் நிற்பது போன்ற நுரை மிதந்தது. கோயிலுக்குப் போகும் வழியில் ஆறு இருந்தால் காலை நனைத்துக்கொள்ளாமல் போகக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். வேட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தவர், மெதுவாக நிமிர்ந்து, "மனசால நனைச்சிக்கிட்டாப் போதும்" என்றார்.

மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் அப்போது எனக்குப் பத்து வயது. மெட்ராஸ் சென்னையான புதிது, ஆனால் அப்பாவுக்கு அது மெட்ராஸ்தான். அமைச்சக அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய அவர், ஆண்டு தவறாமல் மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டு மனுப் போடுவார். "ஆர்டர்" என்றால் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். ஆர்டர் வந்ததும் மாம்பலத்தில் பெரியப்பா வீட்டு மாடியில் குடியேறுவது, கீழே பெரியப்பா, பின்கட்டில் இரண்டு அத்தைகள் என்று எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது என்று எல்லாமே முடிவாகியிருந்தது. அந்த வருடம் ஆர்டர் கிட்டத்தட்ட வந்துவிட்டது, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று கேள்வி.

இதில் ஒரு சின்னச் சிக்கல். தினமும் காலையில் ஷூ லேஸ் கட்டிவிடும்போது அப்பா என்னிடம், "ஆர்டர் வரணும்னு சாமி கும்பிட்டுக்க" என்பார். அவர் சைக்கிள் மூலை திரும்பியதும் தலை பின்னிவிடும் அம்மா, "ஆர்டர் வரக்கூடாதுன்னு கும்பிட்டுக்கடி, அப்பாகிட்ட சொல்லிடாத" என்பாள். அம்மா டில்லிக்கு வந்தபோது ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. இப்போதோ தனியாக பஸ் ஏறிக் கரோல் பாக் போய், கடைக்காரனிடம் "பையா, இது என்ன ரேட்டு, ஜல்தி சொல்லு" என்று இரண்டு மொழியையும் கலந்தடித்து, அவனே போதும் என்று கையெடுத்துக் கும்பிடும் வரை பேரம் பேசுவாள். மாம்பலத்து மாடிக்குப் போனால் தெருமுனைக்குப் போகக்கூட இரண்டு அத்தைகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். எனக்குத் தமிழ் எழுதினால் ரகரமும் றகரமும் இடம் மாறி நிற்கும், ஆகவே என் ஓட்டு அம்மாவுக்கு. ஆனால் ஷூ லேஸ் கட்டும் நேரத்தில் அப்பாவுக்கும் தலையாட்டிவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் செல்லத்துரை அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அப்பாவின் செக்ஷனுக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, வீடு திமார்பூரில். அப்பாவின் மனக்குறையைக் கேட்டுவிட்டு, "அடுத்த ஞாயிறு எங்க பெரிய கோயில்ல பண்டிகை சார். குடும்பத்தோட வாங்க. ஆண்டவர்கிட்ட கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாரு. தேங்கா, காய்கனி என்ன வேணும்னாலும் கொண்டாரலாம்" என்று அழைத்திருக்கிறார். தஞ்சாவூர்க்காரரான அப்பாவிடம் "பெரிய கோயில்" என்று சொன்னால் அவர் மேற்கொண்டு எதையும் விசாரிப்பாரா? டில்லியில் ஏது பெரிய கோயில் என்று அம்மா கேட்டதற்கு, "மலை மேல ஒண்ணு கட்டினவங்க ஆத்தங்கரையில ஒண்ணு கட்ட மாட்டாங்களா?" என்று டில்லித் தமிழர்களின் மலைக்கோயிலைக் காட்டி அடக்கிவிட்டார். நல்ல முற்றிய தேங்காயாகத் தேடி வாங்கி மஞ்சள் பூசியது அம்மா. அப்பா அதை மெட்ராஸ் தேங்காய் என்று நினைத்திருந்தார். அம்மாவுக்கு அது டில்லித் தேங்காய்.

திமார்பூர் பஸ் ஸ்டாப்பிலேயே அண்ணாச்சி நின்றிருந்தார். அவர் வீட்டம்மா விடியற்காலையிலேயே போய்விட்டாராம், "அசனத்துக்குச் சமையல் நடக்குல்லா". அன்னதானத்தைத்தான் அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று அம்மா என் காதில் விளக்கினாள். ஊரில் தாமிரபரணிக் கரையோரமாக நடந்துதான் கோயிலுக்குப் போவார்களாம். அந்த வழக்கத்தை விடக்கூடாது என்று அண்ணாச்சி எங்களையும் யமுனைக் கரையில் அரை மணி நேரம் நடத்தினார். பிறகு சாலையைக் கடந்து "ரிட்ஜ்" என்கிற காட்டுக்குள் நுழைந்தோம். கருவேலமும் முள்ளும் மண்டிய மேடு அது. இலைகளில் புழுதி, நடுவில் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் குரங்குகள்.

பூஜைக் கூடையோடு அந்தக் காட்டுக்குள் போகிறவர்கள் நாங்கள் மட்டும்தான் என்பதைக் குரங்குகள் உடனே கவனித்துவிட்டன. பெரியதொன்று வந்து வாழைப்பழச் சீப்பை எடுத்தது. அது எங்கள் எல்லோரையும்விட நிதானமாக இருந்தது. இன்னொன்று வெற்றிலையை எடுத்து முகர்ந்துவிட்டுக் கீழே போட்டது. "ஹட்! ஹட்!" என்று அம்மா கரோல் பாக் குரலில் அதட்ட, அப்பா தேங்காயை மட்டும் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேட்டி அவிழ்வதைப் பற்றிய கவலையே இல்லாமல் ஓடினார். "தேங்காய விட்ராதீங்க!" என்று அம்மா பின்னாலிருந்து கத்தினாள். என் பெற்றோர் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததேயில்லை.

காட்டைவிட்டு இறங்கிக் காஷ்மீரி கேட் பக்கம் வந்தபோது மரங்களுக்கு மேலே ஒரு பெரிய கும்மட்டம் தெரிந்தது. "கோபுரம் உருண்டையா இருக்கே" என்றார் அப்பா. இன்னும் பத்தடி நடந்ததும் அதன் உச்சி தெரிந்தது. "ஏங்க, சிலுவை" என்றாள் அம்மா, உதடு அசையாமல். அது வெள்ளைக்காரன் காலத்துப் பேராலயம். வாரம் ஒருமுறை தமிழ்ச் சபைக்கு அங்கே ஆராதனை; அன்றைக்கு விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை. அண்ணாச்சி ஒன்றும் மறைக்கவில்லை, அவர்கள் ஊரில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். "நான்தான் சொன்னேம்லா சார், பெரிய கோயிலுன்னு" என்று அவர் வெள்ளையாகச் சிரிக்க, அப்பா நெற்றி விபூதியோடு அண்ணாந்து பார்த்து, "ஆமாமா, பெரிசாத்தான் இருக்கு" என்றார். அழைத்தவர் மனம் நோகத் திரும்பிப் போவது அவருக்குத் தெரியாத வித்தை.

உள்ளே போனதும் ஒரு இளைஞர் அப்பா கையிலிருந்த தேங்காயை மரியாதையாக வாங்கிக்கொண்டு போய், முன்னால் குவிந்திருந்த பூசணிக்காய், கரும்புக்கட்டுகளுக்கு நடுவே வைத்தார். மஞ்சள் பூசிய தேங்காய் அது ஒன்றுதான். பெஞ்சுகளில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் அம்மாவோடு உட்கார்ந்தேன். எல்லோரும் கண்ணை மூடியபோது அம்மாவும் மூடினாள். அந்தப் பக்கம் அப்பா எங்களைவிட இறுக்கமாக மூடியிருந்தார். யாருக்குச் சேர வேண்டுமோ அவரிடம் இரண்டு மனுக்களும் ஒரே நேரத்தில் போயிருக்கும்.

ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. உடைக்காத தேங்காய் வேண்டுதலில் சேராது என்பதில் மட்டும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எங்கள் தேங்காய் மேஜைக்கு வந்தது. மீட்டுக்கொண்டு போய்த் திரும்பும் வழியில் மலைக்கோயிலில் உடைத்துவிடலாம் என்று ஆண்கள் பக்கமிருந்து அப்பா ஐந்து ரூபாய்க்குக் கேட்டார். அதே யோசனையில் பெண்கள் பக்கமிருந்து அம்மா பத்து என்றாள். நடுவில் கூட்டம், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை, இரைச்சலில் குரலும் பிடிபடவில்லை. அப்பா இருபது என்றார், அம்மா முப்பது. ஏலம் விட்ட பெரியவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வேட்டி சார் விடமாட்டாரு போல! பட்டுச் சேலை அக்காளும் விடமாட்டாங்க போல!" என்று அவர் ஏற்றிவிட்டதில், யார் அந்தப் போட்டிக்காரர் என்று பார்க்கக் கூட்டமே விலகி வழிவிட்டது.

தூக்கிய கையோடு அப்பா பார்த்தார்; எதிரே அம்மாவும் கையைத் தூக்கியபடி நின்றாள். "நீ எதுக்குக் கேக்குற? நம்ம தேங்காய்தானே?"

"இது என் வேண்டுதலுங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல்தானே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். பிறகு அவள், அத்தனை பேர் நடுவில், "இல்லைங்க. எனக்கு மெட்ராஸ் வேண்டாம். உங்க அண்ணன் வீட்டு மாடி வேண்டாம். எனக்கு இந்த ஊரு வேணும்" என்றாள்.

செல்லத்துரை அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவின் கை இன்னும் மேலேயே இருந்தது. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று பெரியவர் இழுத்தார். அப்பா கையை இறக்கிவிட்டார். தேங்காய் அம்மாவுக்கு வந்தது. அதை அவள் மலைக்கோயிலுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே அசனப் பந்திக்குச் சமைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கொடுத்துவிட்டாள். அதுவும் உடைவதுதானே என்றாள். திரும்பும் பஸ்ஸில் நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

ஆர்டர் ஜனவரியில் வந்துவிட்டது. அதாவது, வேண்டுதலில் ஜெயித்தது அப்பாதான். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் படிக்கக் கொடுத்தார். மறுநாள், குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு டில்லியிலேயே தொடர அனுமதிக்க வேண்டும் என்று தன் கைப்பட எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். அதைத் தியாகமாகச் சொல்லிக் காட்டாமல் இருந்தாரா என்றால், அதுதான் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் அனல் காற்று அடிக்கும்போது, "மெட்ராஸ்ல இந்நேரம் கடல்காத்து வந்திருக்கும்" என்று கூலருக்கு முன்னால் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார்.

மோதி பாக்கில் எங்கள் பிளாக்கை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடிகள். செல்லத்துரை அண்ணாச்சி ஓய்வு பெற்று ஊருக்கே போய்விட்டார். திமார்பூரில் அந்த ஆற்றங்கரைப் பாதை எங்கே இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாம்பலத்துப் பெரியப்பா வீடும் விற்றாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஜனக்புரியில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கிறார்கள். போன மாதம் பால்கனி வெயிலில் உட்கார்ந்திருந்தபோது, அத்தனை வருடம் ஆசைப்பட்டதை ஏன் அப்படி ஒரு நிமிடத்தில் விட்டுக்கொடுத்தீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணமாகி அப்ப பன்னெண்டு வருஷம். ஒரு சேலை, ஒரு நகை, ஒரு சினிமா, எதுவும் உங்கம்மா கேட்டதில்ல. எனக்கு வேணும்னு அவ கையைத் தூக்கி நான் பாத்தது அன்னிக்குத்தான். அதுக்கு மேல நான் எப்படிம்மா ஏலம் கேக்குறது?"

உள்ளேயிருந்து அம்மா, "அங்க என்ன பேச்சு? ஜல்தி வாங்க, இட்லி ஆறுது" என்றாள். அப்பா எழுந்து போனார்.