மூன்றாவது ஓலைக்கு முன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் பாளையங்கோட்டையில் நடந்தது இது. எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்து நான்கு வருடமாகியிருந்தது. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, கதவைப் பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் திரும்பிவந்து பார்க்கிற வாழ்க்கை சலித்துப்போய், மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவிருந்தவரும் கணவரை இழந்தவர்தான். அங்கன்வாடியில் வேலை பார்த்தவர் என்பதால் எங்கள் சபையில் எல்லோருக்கும் அவர் டீச்சர். நானும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பல வருடப் பழக்கம். குறைவாகப் பேசுவார். பேசினால் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ‘ஓலை’ வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதாவது இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஐயர் அறிவிப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்போம், தேவாலயத்தைக் கோயில் என்போம். வாசிப்பது வெறும் காகிதம்தான் என்றாலும் ஓலை என்ற பெயர் மட்டும் போகவில்லை.

எங்களுடைய முதல் ஓலை வாசித்தாயிற்று. பின்னால் சிலர் சிரித்தார்கள், சிலர் கைகொடுத்தார்கள். அன்று சாயங்காலம் மண்டபம் வேண்டுமா, கோயில் வளாகத்திலேயே விருந்தை முடித்துக்கொள்ளலாமா, மழை வந்தால் பந்தல் தாங்குமா என்றெல்லாம் பேசுவதற்காக டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் பந்தலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“சார், ஒண்ணு கேக்கணும். மூணாவது ஓலைக்கு முன்னால நீங்க ரத்தம் பாக்கணும். எச்.ஐ.வி., பால்வினை நோய், எல்லாம்.”

எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. “டீச்சர், என்னயப் பத்தி இந்த ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியும். ரத்தத்துல என்ன இருக்குன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?”

பிறகு அவரே சொன்னார். முதல் கல்யாணத்துக்கும் மூன்று ஓலை வாசித்தார்களாம். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் வேலை. ஒரு தடையும் யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டன.

“மாமியா என் ராசிதான்னு சொன்னாவ. நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணாவது தடவ ஒரு டாக்டரம்மாதான் ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாவ. அவருகிட்ட இருந்து எனக்குப் பால்வினை நோய் வந்திருக்கு. ஊசி போட்டுச் சரியாக்குனாவ. பெறவு பொறந்தவதான் என் மக. ஆனா ராசின்னு சொன்ன வாயி ஒண்ணும் அந்தப் பேச்சத் திருப்பி எடுக்கல.”

தன்னுடைய பரிசோதனையை அவர் ஏற்கனவே முடித்து வைத்திருந்தார். இப்போது நோய் இல்லை, ஆனால் ஒரு வகைப் பரிசோதனையில் மட்டும் பழைய தடயம் சாகும்வரை காட்டும் என்று டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். “இதெல்லாம் தெரிஞ்சு நீங்க வேண்டாம்ன்னா இப்பவே சொல்லிருங்க. வேணும்ன்னா நீங்களும் பாத்துட்டு வாங்க. அப்பம் யாரும் கேக்கல. இப்பம் நான் கேக்கேன்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரோஷமாக இருந்தது. வாழ்நாளில் மனைவியைத் தவிர யாரையும் தொடாதவன் நான். தங்கையிடம் சொன்னது இன்னும் பெரிய தப்பு.

“ஏண்ணே, பேரன் எடுத்த வயசுல இந்த டெஸ்ட்டுக்குப் போய் நிக்கப் போறியா? அந்தம்மா ஒன்னயப் பத்தி என்னதான் நெனச்சிருக்கு?” என்று அவள் கத்தினாள். “போகாத. அவளே எறங்கி வருவா.”

இறங்கிவருகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். போவது என்று முடிவு செய்தேன். எங்கே போவது என்பதுதான் கவலை. பாளையங்கோட்டையில் எந்த ஆஸ்பத்திரியில் நுழைந்தாலும் நர்ஸ்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு சபையைச் சேர்ந்தவர்கள். நான் ரத்தம் கொடுத்துவிட்டு வீடு வந்து சேரும் முன் செய்தி பாடகர் குழு வரைக்கும் போய்விடும். ஆகவே முகக்கவசம் போட்டுக்கொண்டு நாங்குநேரிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் இடத்தில் நீளமான வரிசை. பதற்றம் வந்தால் எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவேன். முன்னால் நின்றவர்களை எண்ணி, கூரையில் ஓடாத மின்விசிறிகளை எண்ணி முடிப்பதற்குள் என் முறை வந்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற பெண்ணின் கையில் பைபிள் படம் போட்ட பை. யாரோ, எந்தச் சபையோ.

“என்ன பாக்கணும் பெரியவரே?” என்றார் சீட்டுப் போடுபவர்.

வாய் தானாகச் சொன்னது: “சுகர்.”

சுகர் பார்த்தார்கள். கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, சோற்றைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதே கட்டடத்தில், எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற இடத்தில், நம்பிக்கை மையம் என்று எழுதிய கதவு திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டி வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். அந்தச் சமயத்தில் இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது.

டீச்சரிடம் சுகர் சீட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “காப்பிக்குச் சீனி போடல, குடிங்க” என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தக் கசப்புக் காப்பியைக் குடித்து முடித்தபோது எனக்குள்ளே ஒன்று உறுதியாகிவிட்டது. இத்தனை வயசுக்கு மேல் ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டு இவரை இழக்கப் போவதில்லை.

மறுநாள் முகக்கவசம் இல்லாமல் பாளையங்கோட்டை அரசுப் பெரியாஸ்பத்திரிக்கே போனேன். சீட்டுப் போடும் இடத்தில் கேட்பதற்கு முன்பே, “எச்.ஐ.வி., பால்வினை நோய், ரெண்டும் பாக்கணும்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்து அறையைக் காட்டினார்கள்.

அறையில் ஆலோசகராக இருந்த பெண் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். கல்யாணம் செய்யப்போகிறேன் என்றேன். “நல்ல காரியம்யா” என்று சிரித்தார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் மறுபடி உள்ளே கூப்பிட்டார். எச்.ஐ.வி. இல்லை. ஆனால் பால்வினை நோய்க்கான முதல் பரிசோதனையில் லேசாக ஏதோ காட்டுகிறது என்றார்.

நான் எங்கும் போகவில்லை. அப்படியானால்? செத்துப்போன என் மனைவியைப் பற்றி ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அவளோடு வாழ்ந்த அத்தனை வருடங்களையும் அந்த ஒரு நிமிடத்தில் தூக்கிக் கொட்டிப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “ஐயா, அவசரப்பட்டு எதையும் நெனச்சிராதீங்க. வயசானவங்களுக்கு நோய் இல்லாமலே இப்படிக் காட்டுறது உண்டு. வேற வியாதி இருந்தாலும் காட்டும். உறுதிப்படுத்த இன்னொரு டெஸ்ட்டு எடுக்கணும். முடிவு வர அடுத்த வாரம் ஆகும். அப்படியே இருந்தாலும் ஊசியில சரியாயிரும்.”

அடுத்த வாரம் என்றால் மூன்றாவது ஓலைக்குப் பிறகு. முடிவு வந்த பிறகு சொன்னால் என்ன, நிச்சயம் ஒன்றும் இருக்காது, எதற்கு வீணாக அவரைக் கலவரப்படுத்த வேண்டும் என்று மனம் நயமாகப் பேசியது. ஆனால் டீச்சருடைய முதல் கணவரும் இப்படித்தானே ஏதாவது நினைத்திருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போய் நின்றபடியே சொன்னேன்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறகு, “மூணாவது ஓலைய நிறுத்துங்க” என்றார்.

“ஐயர்ட்ட என்ன சொல்ல?”

“உள்ளதச் சொல்லுங்க. ஒங்களுக்கு முடியலன்னா நான் போய்ச் சொல்லுதேன்.”

“வேண்டாம். நானே சொல்லுதேன்.”

எங்கள் ஐயர் என் மகனைவிட இளையவர். நான் சொல்லச் சொல்ல அவர் மேசை மேலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். “உடம்பு சரியில்லன்னு சபையில சொல்லிரலாமாய்யா?” என்று கேட்டார்.

“பொய் வேண்டாம் ஐயரே. காரணமே சொல்லாதீங்க. கேக்கவங்களுக்கு நான் சொல்லிக்கிடுதேன்.”

“டீச்சருக்குத் தெரியுமா?”

“அவங்கதான் நிறுத்தச் சொன்னது.”

“அப்பம் சரி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று தங்கை சொன்னாள். போனேன். எப்போதும் உட்கார்கிற பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம் டீச்சர் அவருடைய இடத்தில் நேராக உட்கார்ந்திருந்தார். ஐயர் அறிவிப்புகளை வாசித்தார். வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். எங்களுடையது வரவில்லை. முன் வரிசையிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நான் எண்ணவில்லை, எதிரே சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது என்னோடு வேலை பார்த்த நண்பர் தோளில் கை போட்டார். “என்னவே, டீச்சர் உம்மள வேண்டாம்ன்னுட்டாவளா? நேத்து ராத்திரிதான் உம்ம கொறட்ட பத்தித் தெரிஞ்சுதாக்கும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“ரத்த டெஸ்ட்டு முடிவு ஒண்ணு பாக்கி இருக்குவே. அது வந்ததும் வாசிப்பாவ.”

“என்ன டெஸ்ட்டு, சுகரா?”

“பால்வினை நோய்க்கு.”

சிரிப்பு நின்றுவிட்டது. நண்பர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஒருவர் அவசரமாகக் குடையை விரித்தார், அப்போது மழையே இல்லை. என் காது சுட்டது. கூட்டத்தைத் தாண்டி வந்து டீச்சருக்காக வாசலில் காத்திருந்தேன். அன்றுதான் முதல்முறையாக எல்லோரும் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் தெருவில் நடந்தோம்.

முடிவு வாங்கப் போகும்போது டீச்சரும் வந்தார். ஆட்டோவில் வழிநெடுக நான் சில்லறை இருக்கிறதா, சீட்டை எடுத்தேனா என்று பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலோசகர், “இவங்களும் கூட இருக்கலாமா?” என்று என்னிடம் அனுமதி கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

“ஒண்ணும் இல்லைய்யா. உங்களுக்கு நோய் இல்ல. முதல்ல காட்டுனது வயசுனால வந்ததா இருக்கலாம்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தானே படித்தார். மறுபடியும் படித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு மடித்து என் கையில் கொடுத்தார்.

“ஒருவேள இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீய டீச்சர்?” என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“ஊசி போட்டுச் சரியாகுற வரைக்கும் ஓலைய நிறுத்தி வச்சிருப்பேன்” என்றார். “கல்யாணத்த நிறுத்தச் சொல்லி நான் எப்பம் சொன்னேன்?”

அந்த ஞாயிறு எங்கள் மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது.

அறுபத்தொன்பது வயது வரை, ஒருவரை நம்புவது என்றால் அவரிடம் கேள்வி கேட்காமல் இருப்பது என்றே நான் நினைத்திருந்தேன். கூட வாழப்போகிறவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே இருப்பதும் நம்புவதுதான் என்று இப்போது தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து சீனி போடாத காப்பி குடிக்கிற ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.